உள்ள யாரு?

உக்காரு தம்பி, உக்காரு. நான் எழுந்தா நீயும் எழுந்திருக்கணும்னு இங்க சட்டம் இல்ல. கால் மரத்துப் போச்சு, அதான் எழுந்தேன். அந்தப் பெட்டி மேலயே உக்காரு. மரப்பெட்டி, ஆப்பிள் நசுங்காது. பத்தொம்பது வருஷமா என்னையே தாங்குது.

ஐயா வேண்டாம்னு காலையிலயே சொன்னேன்ல. அண்ணேன்னு கூப்பிடு. வெளியில ஃபோர்க்லிப்ட் ஓட்டறான் பாத்தியா, கழுத்துல துண்டு சுத்திக்கிட்டு, அவன் என்னக் கிழம்னுதான் சொல்றான். எனக்குக் காது மந்தம்னு நெனப்பு. மந்தம்தான், ஆனா அந்த ஒரு வார்த்தை மட்டும் நல்லாவே கேக்குது. அதுக்கு அண்ணே எவ்வளவோ தேவல.

குளிருதா? இங்க நாலு டிகிரிதான். ஜாக்கெட்டக் கழுத்து வரைக்கும் ஏத்திவிடு. கிளவுஸ ஏன் பாக்கெட்டுல வச்சிருக்க? கையில போடு. ரெண்டு கையிலயும். ஆங். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் கொஞ்சம் கத்துவேன். மத்தபடி கத்தற ஆளு இல்ல. கத்தத் தெம்பும் கிடையாது.

வேலையா? செய்யலாம், என்ன அவசரம். இந்த ஆப்பிள் பறிச்சு அஞ்சு மாசமாச்சு, இன்னும் ரெண்டு மாசம் இங்கயேதான் கிடக்கும். அரைமணி நேரத்துல அதுக்கு ஒண்ணும் ஆகாது. முதல் நாள் வர்றவங்கள இந்த ரூமுக்குக் கூட்டிட்டு வந்து, கதவச் சாத்திட்டு, கொஞ்ச நேரம் பேசறது என் வழக்கம். வழக்கம்னா, இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன். ரெண்டு வருஷமா ஜெயில்லேருந்து யாரையும் இங்க எடுக்கல. நீதான் முதல் ஆளு.

மூஞ்சி ஏன் அப்படிப் போகுது? ஜெயில்னு சொன்னதுக்கா? இங்க எல்லாருக்கும் தெரியும் தம்பி. ஒரு வாரம் தெரியாத மாதிரி நடிப்பாங்க. அப்புறம் ஒருத்தன் டீ குடிக்கும்போது மெதுவா, உள்ள சாப்பாடெல்லாம் எப்படிம்பான். சாப்பாட்டப் பத்திக் கேட்டுட்டான்னா முடிஞ்சுது, அதுக்கப்புறம் நீ எங்காளு. என்ன கேசுன்னு நான் கேக்க மாட்டேன். காகிதத்துல இருந்துச்சு, படிச்சேன், மடிச்சு வச்சுட்டேன்.

இது வேற காகிதம். முதலாளி காலையில குடுத்தாரு. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். இந்த ஆளு குளிர் ரூம் வேலைக்கு ஆவான், இவனுக்கு நான் பொறுப்புன்னு. அது போய்ச் சேந்தா உனக்கு வேல. இல்லன்னா பஸ் காசு குடுத்து அனுப்பிடுவாங்க. உன்னோட முடியற விஷயமும் இல்ல இது. நீ நின்னா, உள்ள இருக்கற இன்னும் மூணு பேருக்கு இங்கேருந்து வேலைக் கடிதம் போகும். நீ நிக்கலன்னா, இனிமே அந்த மேடம் ஃபைலத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லிட்டாரு. மேடம்னா உனக்குத் தெரியுமே, ஜெயில் நலன் அதிகாரி. கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சு நடப்பாங்க. அந்த ஃபைலோட கனம் அப்படி.

சிரிக்கற. பரவால்ல, சிரிக்கத் தெரியுது.

காலையில நீ கேட்டுக்கு வெளியில நின்னத நான் ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பன்னெண்டு நிமிஷம். பையக் கால்கிட்ட வச்சுட்டு, கை ரெண்டையும் பின்னாடி கட்டிக்கிட்டு. கேட்டு திறந்துதான் இருந்துச்சு தம்பி. ரெண்டு லாரி உன்னத் தாண்டி உள்ள போச்சு. யாருக்கோ காத்திருக்கற ஆளுன்னு வாட்ச்மேன் நெனச்சுட்டான். எனக்குத் தெரிஞ்சுது. யாராவது வந்து, போன்னு சொல்லணும் உனக்கு. அப்புறம் ஆபீஸ் கதவுக்கு முன்னாடி நின்ன. அப்புறம் பாத்ரூம் கதவு. அங்க வந்து யாரும் சொல்ல மாட்டாங்களேன்னுதான் நானே எழுந்து வந்தேன்.

தப்புன்னு சொல்லல. உனக்கு எத்தனை வருஷம், ஏழா? எட்டு. எட்டு வருஷத்துல ஒரு கதவையும் நீ தொட்டுத் திறந்ததில்ல. சாப்பிட ஒருத்தன் திறப்பான், குளிக்க ஒருத்தன் திறப்பான். மூளைக்கு ஞாபகம் இருக்கும், கைக்கு மறந்துடும். இத எனக்குச் சொன்னவன் ஒருத்தன் இருந்தான். அவனப் பத்திப் பேசத்தான் உன்னை இங்க கூட்டிட்டு வந்தேன்.

அதுக்கு முன்னாடி முதலாளியப் பத்திச் சொல்லிடறேன், இல்லன்னா நீ அவர மகான்னு நெனச்சுப்ப. ஆள் கிடைக்கல, அவ்வளவுதான். வெளியிலேருந்து வர்றவன் முதல் நாள் நல்லா இருப்பான், ரெண்டாம் நாள் மூக்கச் சிந்திக்கிட்டே வருவான், மூணாம் நாள் அவன் மாமா செத்துடுவாரு. இங்க வேல பாத்தவங்களோட மாமாமாருங்க செத்த கணக்கப் பாத்தா ஒரு ஊரே காலியாயிருக்கணும். அந்த நேரத்துலதான் மேடம் வந்தாங்க. எங்க ஆளுங்க ஓட மாட்டாங்க சார்னாங்க. முதலாளி ரெண்டு பேர எடுத்தாரு. நின்னாங்க. அப்புறம் நாலு பேராச்சு. ஒருத்தன் லீவு கேக்கல, குளிருதுன்னு சொல்லல. அடுக்கின பெட்டி நூல் புடிச்ச மாதிரி நிக்கும். பேப்பர்லேருந்து வந்து போட்டோ எடுத்தாங்க, முதலாளி நடுவுல, இவங்க சுத்தி. அத ஃபிரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டினாரு. அதுக்கப்புறம்தான் அவருக்கு நல்ல மனசு வந்துச்சு. கிண்டல் பண்ணல தம்பி. அது எப்படி வந்தா என்ன, வந்துச்சே. இப்ப அந்த இடத்துல ஆணி மட்டும்தான் இருக்கு. பாத்திருப்ப.

உன் வில்லைய எங்க மாட்டின? வெளியில போர்டுல. சரி. மஞ்சள் கலர் பிளாஸ்டிக், என்னமோ பிள்ளைங்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கேன்னு நெனச்சிருப்ப. விஷயம் இருக்கு. குளிர் ரூமுக்குள்ள போறவன் கதவுக்குப் பக்கத்துல இருக்கற போர்டுல தன் வில்லைய மாட்டிட்டுப் போகணும், வெளிய வந்ததும் எடுத்துக்கணும். ஆணியில வில்லை தொங்கினா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். அது ஒரு காவல். ரெண்டாவது காவல், கதவ மூடறவன் மூடறதுக்கு முன்னாடி தலைய உள்ள நீட்டி, உள்ள யாருன்னு சத்தமா கேக்கணும். கேட்டுட்டுப் பத்து எண்ணணும். உள்ள இருக்கறவன், நான் இருக்கேன்னு குரல் குடுக்கணும். இது எந்த நோட்டீசுலயும் எழுதல. நான் வர்றதுக்கு முன்னாடிலேருந்து இருக்கற பழக்கம். எனக்கு அது எங்க வரைக்கும் போயிடுச்சுன்னா, வீட்டுல பீரோவ மூடினாலும் கேக்கறேன். போர்வைதான்ப்பா இருக்குன்னு என் பொண்ணு அடுத்த ரூம்லேருந்து பதில் சொல்றா.

அப்பல்லாம் வில்லையில நம்பர்தான் இருக்கும். கலரெல்லாம் பின்னாடி வந்துச்சு. அவனால வந்துச்சு.

நெட்டைன்னு கூப்பிடுவோம் அவன. இந்தக் கதவுல குனிஞ்சுதான் வருவான். பதினோரு வருஷம் உள்ள இருந்தவன். என் வயசுதான், ஆனாலும் அண்ணேம்பான். இடது கைப் பழக்கம். அந்தக் கையெழுத்த நீ பாக்கணும் தம்பி, அச்சுல வார்த்த மாதிரி. அதோ அந்த மூலையில ரெண்டு காலிப் பெட்டி இருக்கு பாரு, அவன் எழுதின சீட்டு ஒட்டினது. பழமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. பெட்டிய நான் வெளிய போடல. ஜெயில்ல எல்லாருக்கும் அவன்தான் கடிதாசி எழுதிக் குடுப்பானாம். பொண்டாட்டிக்கு எழுதச் சொல்லி வர்றவன்கிட்ட, ரெண்டு வரி நான் சேத்துப் போட்டிருக்கேன், நீ படிக்காத, வெக்கப்படுவம்பானாம். இத அவன் சொல்லல. அவனோட வந்த இன்னொருத்தன் சொன்னான்.

முதல்ல ஃபோர்க்லிப்ட்காரனுக்கு அவனக் கண்டா ஆகாது. பக்கத்துல சாப்பிட உக்கார மாட்டான். ஒரு நாள் அவன் பொண்ணுக்கு ஸ்கூல்ல ஏதோ விண்ணப்பம் எழுதணும், இவன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நெட்டை கேக்காமலே வாங்கி எழுதிக் குடுத்தான். அடுத்த நாள்லேருந்து ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. பொண்ணு ஸ்கூல்ல எழுத்த மெச்சிக்கிட்டாங்களாம், இவன் தானே எழுதினதா சொல்லிட்டு வந்தானாம். அந்த வெக்கங்கெட்டவன்தான் இப்ப என்னக் கிழங்கறான்.

எங்க விட்டேன். வில்லை. முதல் நாள் நெட்டைக்கும் வில்லை குடுத்தேன், பதினாலாம் நம்பர். கையில வாங்கினான், பாத்தான், திரும்ப என் மேஜையில வச்சான். கோவமா இல்ல. சூடான பாத்திரத்த இறக்கி வைக்கற மாதிரி மெதுவா. அண்ணே, நம்பர் மட்டும் வேண்டாமே, வேற எது குடுத்தாலும் சரின்னான். உனக்கு நான் விளக்க வேண்டியதில்ல. பதினோரு வருஷம் அவன் பேரே ஒரு நம்பர்.

அப்புறம் வாங்கிக்கிட்டானான்னு கேக்கறியா? அத அப்புறம் சொல்றேன். வேலைக்குச் சேந்துட்டான், அது வரைக்கும் வச்சுக்கோ.

கதவ ஏன் பாக்கற? சத்தமா? ஃபோர்க்லிப்ட் திரும்புது, வேற ஒண்ணும் இல்ல.

நடந்தது இதுதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிஞ்சு எல்லாரும் ஒரு மாதிரி தூக்கமா இருக்கற நேரம். இந்த ரூம் இல்ல. எதிர்ல இருக்கு பாரு, மீன் வைக்கற ரூம். அங்க மைனஸ் பதினெட்டு. ஒரு அடுக்குல சீட்டு கிழிஞ்சிருக்குன்னு நெட்டை உள்ள போனான். ரெண்டு நிமிஷ வேல. எழுதணும்ல, அதனால இடது கை கிளவுஸக் கழட்டி வெளிய மேஜையில வச்சுட்டுப் போயிட்டான். போர்டுல வில்லை இல்ல. கதவ மூடிட்டாங்க.

யாருன்னா, ஷிப்ட்ல இருந்த ஆளு. இரு, வரேன்.

அம்பது நிமிஷம் தம்பி.

பூட்டா? பூட்டவே இல்ல. அதானே விஷயம். குளிர் ரூம் கதவ உள்ள இருக்கற ஆளு திறக்க முடியாதபடி யாரும் பூட்ட முடியாது. கதவுல உள்பக்கம் பச்சையா ஒரு குமிழ் இருக்கும், என் உள்ளங்கை அகலம், இருட்டுலயும் மினுங்கும். ஒரு தள்ளு தள்ளினா திறந்துடும். பச்சப்புள்ள தள்ளினாலும் திறக்கும். அவனுக்குத் தெரியாதா? தெரியும். முதல் நாளே காட்டினேன். சுவத்துல மணி அடிக்கற சுவிட்ச் வேற இருந்துச்சு. அதையும் தொடல. உங்க இடத்துல மணி அடிச்சா என்ன நடக்கும்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவன் தொடலங்கறது மட்டும்தான் தெரியும்.

கதவத் திறந்தப்ப அவன் எப்படி நின்னுக்கிட்டிருந்தான் தெரியுமா? கதவுக்கு நேர் எதிர்ல, ரெண்டடி தள்ளி, கை ரெண்டும் பின்னாடி. காலையில நீ நின்ன பாரு, அச்சா அதே மாதிரி. புருவமெல்லாம் வெள்ளை. கதவு திறந்ததும் ஒரு எட்டு நகந்தான். உள்ள வர்றவங்களுக்கு வழி விடறான். பேசறதுக்கு வாய் வரல, உதடு ஒட்டிப் போயிருந்துச்சு, ஆனா அந்த எட்ட மட்டும் சரியா எடுத்து வச்சான். ரெண்டு வருஷமா எனக்கு மத்ததெல்லாம் கொஞ்சம் மங்கிடுச்சு. அந்த ஒரு எட்டு மங்க மாட்டேங்குது.

இடது கையில மூணு விரல எடுத்துட்டாங்க. நடுவுல இருக்கற மூணும். எழுதற கை.

ஏன் தள்ளலன்னு ஆஸ்பத்திரியில கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சான். மறைக்கறதுக்கு யோசிக்கல, நெஜமாவே உள்ளுக்குள்ள தேடிப் பாக்கறான். அப்பத்தான் சொன்னான், மூளைக்கு ஞாபகம் இருந்துச்சுண்ணே, கை வரல, மூடினவங்க வந்து திறப்பாங்கன்னு அது பாட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சு. கட்டுப் போட்ட கையக் காட்டி, அது, அதுங்கறான். வேற யாரோ ஒருத்தனப் பத்திப் பேசற மாதிரி.

விசாரணைக்கு மேலேருந்து ரெண்டு பேர் வந்தாங்க. ஆபீஸ்ல ஒரு பக்கம் நெட்டை, கட்டோட. ஒரு பக்கம் நான். வில்லை மாட்டினியான்னாங்க. இல்லைங்கன்னான். மாட்டணும்னு தெரியுமா? தெரியுங்க. அப்புறம் ஏன் மாட்டல? என் தப்புதாங்கன்னான். அவ்வளவுதான், பத்து நிமிஷம் கூட ஆகல. ரிப்போர்ட் வந்துச்சு. தொழிலாளி விதிய மீறி வில்லை மாட்டாம உள்ள போனதால நடந்த விபத்து. கதவ மூடினவர் போர்டப் பாத்துட்டுத்தான் மூடினாரு, அவர் மேல குத்தமில்ல.

முதலாளி அத ரெண்டு தடவை படிச்சாரு. எழுந்து போய் போட்டோவக் கழட்டினாரு. ஒரு வில்லைய ஆணியில மாட்டற ஒழுங்கு கூட வராதவங்கள வச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுன்னாரு. கெட்ட மனுஷன் இல்ல. பயந்துட்டாரு. நல்ல மனசு வந்து கொஞ்ச நாள்தானே ஆகியிருந்துச்சு, அதுக்குப் பழக்கம் பத்தல. மீதி மூணு பேரும் அந்தப் பருவத்தோட நிறுத்தப்பட்டாங்க. நெட்டை அவன் அக்கா ஊருக்குப் போயிட்டான்.

அப்ப மேடம்கிட்ட ஏழு பேர் லிஸ்ட் ஒண்ணு இருந்துச்சு. ஏழு பேருக்கும் வேலைக் கடிதம் அடிச்சு, முதலாளி கையெழுத்துப் போட்டு, மேஜை மேல தயாரா இருந்துச்சு. வெளியில வேலை இருக்குன்னு கடிதம் வந்தா தண்டனையில கடைசிப் பகுதிய வெளிய வேல பாத்துக்கிட்டே கழிக்கலாம்ல, அதுக்கு. ஏழையும் கிழிச்சாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். கிழிச்சத அள்ளிக் குப்பைக்கூடையில போட்டதே நான்தான். மேல நாலாவது கடிதம் பாதி கிழிஞ்சு பேரு தெரிய கிடந்துச்சு.

ஆமா தம்பி. உன் பேருதான்.

தெரியாதுல்ல? கடிதம் வரலன்னு மட்டும்தான் சொல்லியிருப்பாங்க. காரணத்த யாரு சொல்லப் போறாங்க. பதினாறு மாசம் முன்னாடியே நீ வெளிய வந்திருக்கணும். உங்கம்மா அப்ப இருந்தாங்க, இல்ல? மேடம் சொன்னாங்க. மாசா மாசம் பஸ் மாறி வருவாங்களாமே. கடைசியில அவங்க இறந்தப்ப உன்ன எட்டு மணி நேரம் வெளிய விட்டதாவும் சொன்னாங்க, அதுவும் எல்லாம் முடிஞ்சப்புறம்.

பேசு. இப்பக் கேக்கலாம் நீ. அப்ப ஒண்ணு கேட்டியே, நான் இரு வரேன்னு தள்ளிக்கிட்டே வந்தேனே.

நான்தான். மூடினது நான்தான்.

பதினாலாம் நம்பர் வில்லைய அவன் மேஜையில வச்சான்ல, நான் என்ன சொன்னேன் தெரியுமா? சரி, உனக்கு வில்லை வேண்டாம், போர்டும் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் நான் குரல் குடுத்துக் கேக்கறேன், நீ பதில் சொன்னாப் போதும்னேன். என்னமோ பெரிய உபகாரம் பண்ற மாதிரி. அப்பவே ஒரு டப்பா பெயின்ட் வாங்கி நம்பர அழிச்சிருக்கலாம், முக்கால் மணி நேர வேல. தோணல. நல்லவனா இருக்கறது அவ்வளவு சுலபமா இருந்துச்சு அன்னிக்கு, வெறும் வாயால முடிஞ்சுது. ஒரு வருஷத்துக்கு மேல ஒழுங்காவும் கேட்டேன். உள்ள யாரும்பேன், நெட்டை இருக்கேண்ணேம்பான். அந்தக் குரல்ல ஒரு சிரிப்பு இருக்கும்.

அன்னிக்கு ஒண்ணுமே விசேஷமா நடக்கல. லாரி வந்துச்சு, போன் வந்துச்சு, எதையாவது காரணம் சொல்லலாம்னு நானும் எவ்வளவோ தேடிப் பாத்துட்டேன். இல்ல. எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு, அவ்வளவுதான். பேசினா வலிக்கும். கதவுகிட்ட வந்தேன், போர்டப் பாத்தேன், ஆணியெல்லாம் காலி. பதினேழு வருஷமா போர்டப் பாத்துப் பழகின கண்ணு. போர்டுலயே இல்லாத ஆளு ஒருத்தன் இருக்கான், அப்படி வச்சவனே நான்தான்னு அந்தக் கண்ணுக்குத் தெரியல. மூடிட்டேன். அம்பது நிமிஷம் கழிச்சு மேஜையில ஒத்தைக் கிளவுஸப் பாத்ததும்தான் ஓடினேன்.

விசாரணையில அவன் என் பக்கம் திரும்பவே இல்ல. திரும்பினா என் மூஞ்சியிலேருந்து ஏதாவது கண்டுபிடிச்சுடுவாங்கன்னு பாக்கல. யாரையும் காட்டிக் குடுக்காம இருந்து பழகினவன். நானும் எவன் கேக்கறான்னு சும்மா இருந்துட்டேன். பஸ்சுக்கு ஏத்திவிடப் போனேன். பையத் தூக்கி மேல வச்சேன். வலது கையால என் கையப் புடிச்சுக்கிட்டான். கோவமே இல்ல தம்பி, அதுதான் தாங்கல. அண்ணே, கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன்னான். அது மட்டும்தான். பஸ் போயிடுச்சு. அடுத்த நாள் வந்து எல்லா வில்லைக்கும் பெயின்ட் அடிச்சேன்.

இல்ல, வில்லை வேண்டாம்னு நான் சொன்னதும், அன்னிக்குக் கேக்காம விட்டதும் முதலாளிக்குத் தெரியாது. சொல்லணும்னு தினம் ஆபீஸ் வரைக்கும் போறேன். கதவு திறந்துதான் இருக்கு. அங்க நின்னுட்டுத் திரும்பி வந்துடறேன். காலையில உன்ன ஜன்னல்லேருந்து பாத்தப்ப சிரிப்பு வந்துச்சு எனக்கு. நீ பன்னெண்டு நிமிஷம் நின்ன. நான் ரெண்டு வருஷமா நிக்கறேன்.

இந்தா, புடி இத. பிரிச்சுப் பாரு. கையெழுத்து காலையிலயே போட்டாச்சு, நீ கேட்டுல நிக்கும்போதே. நான் இப்பச் சொன்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. யாரு கையெழுத்துல சேர்றங்கறது உனக்குத் தெரியணும், அதுக்குத்தான் இவ்வளவு பேச்சும். நீயே கொண்டு போய் முதலாளிகிட்டக் குடு. குடுக்கும்போது மத்ததையும் சொல்லணும்னு தோணினா சொல்லு. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். கிழிச்சுப் போட்டுட்டுப் போகணும்னு தோணினாலும் போ. அதுவும் உன் பாடு.

எழுந்திரு. என்னைப் பாக்காத, கதவப் பாரு. நான் திறக்க மாட்டேன். முட்டி வலிக்குது, நான் உக்காந்துக்கறேன்.

பச்சையா இருக்கு பாரு. உள்ளங்கையால. கைய எடுக்காத. இன்னும் கொஞ்சம். உடம்பச் சாச்சுத் தள்ளு.

ஆங்.

வெளிச்சம் கண்ணக் கூசுதா? கொஞ்ச நேரத்துல சரியாயிடும். உன் மஞ்சள் வில்லைய ஆணியிலேருந்து எடுத்துக்கோ. என்ன தேடற, என்னுதா? என்னுது அங்க இல்ல, இங்க பாக்கெட்டுல இருக்கு. இன்னிக்கு நான் மாட்டல. இப்ப போர்டு காலிதான்.

கதவ மூடு தம்பி. குளிரெல்லாம் வெளிய போகுது. போய் அவரப் பாரு.

மூடறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்னு சொல்லியிருக்கேன். செய்யறதும் விடறதும் உன் இஷ்டம். நான் பத்து எண்ணிட்டு இங்க சும்மா உக்காந்திருப்பேன்.

என்ன? சத்தமா கேளு. காது மந்தம் எனக்கு.

நான் இருக்கேன் தம்பி. உள்ள நான்தான் இருக்கேன்.